அரண்மனைச் சித்திரம் லயத்து வீட்டுக்கு வந்த கதை



நம் பாட்டிமாரும் தாய்மாரும் தோட்டத்திலே பெரட்டுக்குப் புறப்படுமுன் செய்துவந்த ஒரு வேலை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இருள் பிரியாத நேரம். லயத்து வீட்டின் முன்னறையில் ஒரு சிறு மாடம். அதில் விளக்கைத் தூண்டிவிட்டு, சுவரில் மாட்டிய படத்தின் முன் ஒரு கணம் கைகூப்பி நின்று, பிறகுதான் வாளியைக் கையில் எடுப்பார்கள். அந்தப் படத்திலே செந்தாமரை மீது லட்சுமி நிற்பாள். அருகில் யானை நிற்கும். இன்னொரு படத்தில் சரஸ்வதி வெண்ணிறப் புடவை உடுத்து வீணை மீட்டிக்கொண்டிருப்பாள். பக்கத்திலே மயில் இருக்கும்.

லட்சுமி என்று சொன்னவுடனே நம் மனக்கண்ணில் தோன்றும் முகம் ஒன்று உண்டு. அந்த முகம் எங்கிருந்து வந்தது? கோயில் கருவறையிலுள்ள கற்சிலைக்கு அந்த முகம் இல்லை. பழைய தஞ்சாவூர்ப் படங்களிலும் அது இல்லை. அதை வரைந்தவர் ஒரு மனிதர். அவருக்கு ஊரும் பேரும் உண்டு. பட்ட கடனும் உண்டு. அவர்தாம் ராஜா ரவிவர்மா. அவர் வரைந்த சித்திரம் அரண்மனையிலிருந்து ஏழை வீட்டுச் சுவருக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதையே இன்று நாம் பார்க்கப்போகிறோம்.

ரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் திருவிதாங்கூர் நாட்டிலே கிளிமானூர் என்னும் ஊரில் பிறந்தார். அரச குடும்பத்தோடு மணவுறவு கொண்ட குடும்பம். தாயார் கவிதை எழுதக்கூடியவர். தாய்மாமன் ராஜராஜ வர்மா தஞ்சாவூர் முறையிலே படம் வரைபவர். சிறுவன் ரவிவர்மா கரித்துண்டை எடுத்து வீட்டுச் சுவரெல்லாம் யானையும் குதிரையுமாகக் கிறுக்கிவைத்தான் என்றும், மற்றவர்கள் கோபித்துக்கொண்டபோது மாமன் மட்டும் அந்தக் கையிலே உள்ள திறமையைக் கண்டுகொண்டார் என்றும் சொல்வார்கள். சுவரில் கிறுக்கும் பிள்ளையை அடிப்பதற்கு முன்னால் நாமும் ஒருமுறை அந்தக் கிறுக்கலைப் பார்க்க வேண்டும் போலும்.

பதினான்கு வயதில், அதாவது 1862இல், மாமன் அவரைத் திருவனந்தபுரம் அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் சேர்த்துவிட்டார். அரண்மனையிலே ஐரோப்பிய ஓவியங்கள் இருந்தன. அவற்றில் கண்ட முகங்கள் உயிருள்ள முகங்களைப்போல் தோன்றின. அவை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவை. வண்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துத் துணியின்மேல் பூசுவது அந்த முறை. நீர் வண்ணம் விரைவிலே காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் காய நாள் பிடிக்கும். ஆகவே ஓவியன் ஒரு நிறத்தோடு இன்னொரு நிறத்தை மெல்ல இழைத்து, கன்னத்தின் மினுமினுப்பையும் பட்டுப்புடவையின் மடிப்பையும் கண்முன் நிறுத்த முடியும்.

அந்த வித்தையைக் கற்கத்தான் ரவிவர்மா துடித்தார். ஆனால் கற்றுத்தர ஆளில்லை. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கருக்கு அது தெரியும். அந்த நுணுக்கத்தைப் பையனுக்குச் சொல்லித்தர அவர் மனம் கொள்ளவில்லை. அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை என்பவரே மறைவாக வந்து தாம் அறிந்ததைக் காட்டிக்கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கையை எழுதியோர் கூறுகிறார்கள். பின்னர் 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் உருவத்தை வரைய வந்தார். அவரும் கற்றுக்கொடுக்கவில்லை, தாம் வரையும்போது அருகில் நின்று பார்க்க மட்டும் இசைந்தார். பார்த்தே கற்றுக்கொண்டார் ரவிவர்மா.

தொழில் தெரிந்தவன் அதை மறைத்து வைப்பதும், மறைத்ததை ஒருவன் கண்ணாலேயே களவாடிக் கற்பதும் நமக்குப் புதியவை அல்ல. தோட்டத்துத் தொழிற்சாலையிலும் இரயில் பட்டறையிலும் நம்மவர் எத்தனையோ பேர் அப்படித்தான் கைத்தொழில் கற்றார்கள்.

இங்கே நாம் சற்றே ஐரோப்பாவை எட்டிப் பார்க்கலாம். அக்காலத்தில் ஓவியக்கலையின் தலைநகரம் பாரிஸ். அங்கே அரசாங்க ஆதரவு பெற்ற கலைக்கழகம் ஒன்று இருந்தது. எது நல்ல ஓவியம், எது கெட்ட ஓவியம் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு இருந்தது. உடற்கூறு பிழையாமல் இருக்க வேண்டும். தூரிகையின் தடம் தெரியாதபடி வழவழப்பாக முடிக்க வேண்டும். புராணமும் பழைய வரலாறுமே உயர்ந்த பொருள். இவையே கலைக்கழகத்தாரின் இலக்கணம். அந்த இலக்கணத்தில் புகழ்பெற்றவர்களுள் ஒருவர் வில்லியம் பூகெரோ. 1825இல் லா ரோஷெல் துறைமுகத்தில் பிறந்தவர். படிக்கும் நாளில் பணமில்லாமல், மளிகைக் கடைச் சரக்குகளுக்கு ஒட்டும் வண்ணச் சீட்டுகளை வரைந்து பிழைத்தவர். 1850இல் ரோமாபுரி சென்று பயிலும் பரிசைப் பெற்றார். 1879இல் அவர் தீட்டிய 'வீனஸின் பிறப்பு' அந்த முறைக்குப் பேர்போன எடுத்துக்காட்டு. அவருடைய ஓவியங்களை வியாபாரிகள் அச்சுப்படமாக்கிப் பல நாடுகளில் விற்றார்கள்.

ரவிவர்மா பாரிசைப் பார்த்ததே இல்லை. கடல் கடந்து எங்குமே போகாதவர் அவர். ஆயினும் கலைக்கழகத்தாரின் இலக்கணம் அவர் கையில் வந்து அமர்ந்தது. வீனஸ் தேவதைக்கு அவர்கள் செய்ததை இவர் சகுந்தலைக்கும் தமயந்திக்கும் லட்சுமிக்கும் செய்தார்.

புகழ் விரைவாகவே வந்தது. 1873இல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் படத்துக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னாவிலும் பரிசு. தாமரை இலையிலே கடிதம் எழுதும் சகுந்தலையை 1876இல் வரைந்தார். சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபு அதை விலைக்கு வாங்கினார். அதற்கு அடுத்த ஆண்டு, 1877இல், ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து இறங்கின. நம்முடைய கதையும் ரவிவர்மாவின் கதையும் ஒரே காலத்தில் முளைவிட்டவை.

1880இல் ஆயில்யம் திருநாள் மறைந்தார். அடுத்து ஆண்ட அரசரிடம் ரவிவர்மாவுக்குப் பழைய ஆதரவு கிட்டவில்லை. தம்பியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர் பிற சமஸ்தானங்களுக்குப் போனார். தம்பியின் பெயரும் ராஜராஜ வர்மாதான். அவரும் நல்ல ஓவியர். அண்ணனின் கணக்கு வழக்குகளைப் பார்த்ததும் அவரே. பரோடா மன்னர் சயாஜிராவ் புதிய அரண்மனைக்காகப் பதினான்கு புராணப் படங்களைக் கேட்டார். இராமனுக்கும் சீதைக்கும் நளனுக்கும் என்ன உடை உடுத்துவது? சகோதரர் இருவரும் வட இந்தியா முழுதும் சுற்றினார்கள். ஊருக்கு ஊர் உடை மாறுவதைத்தான் கண்டார்கள். முடிவில் புராணப் பெண்களுக்குப் புடவையே பொருத்தம் என்று தீர்மானித்தார் ரவிவர்மா. இன்று லட்சுமியும் சரஸ்வதியும் சரிகைக் கரைப் புடவையோடு நம் கண்முன் நிற்பதற்கு அந்தப் பயணம் ஒரு காரணம்.

படங்கள் 1890இல் முடிந்தன. அரண்மனைக்குள் போகுமுன் அவை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். அரண்மனைக்குள் நுழைய முடியாத மனிதர்கள், தாம் கதையிலே கேட்ட தெய்வங்களை உயிருள்ள உருவத்தில் அங்கே கண்டார்கள். பிறகு அந்தப் படங்கள் பரோடாவுக்குப் போய்விட்டன. பார்த்தவர்கள் என்ன செய்வார்கள்? படத்தைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதா என்று கேட்கத் தொடங்கினார்கள்.

திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த கும்பகோணத்துக்காரர் ஒருவர் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தார். அவர் சர் டி. மாதவராவ். ஓவியம் ஒன்றுதான், கேட்பவர்களோ பலர், ஆகையால் அச்சில் பெருக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. 1894இல் அது கைகூடியது. பம்பாய்க்கு அடுத்த காட்கோபரில் ரவிவர்மா தம் அச்சகத்தைத் தொடங்கினார். இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. தொழில் வல்லுநர்களும் அங்கிருந்தே வந்தார்கள். முதலில் வெளிவந்த படம் 'சகுந்தலையின் பிறப்பு'.

அந்த அச்சு முறையை நாம் தெரிந்துகொள்வது நல்லது. எண்ணெய்ப் பசை பட்ட சட்டியிலே தண்ணீர் ஒட்டாது அல்லவா? அதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் பசைமையால் படத்தை வரைவார்கள். பிறகு கல்லை ஈரப்படுத்துவார்கள். ஈரம் வெற்றிடத்தில் மட்டும் நிற்கும். அதன்மேல் மை உருளையை ஓட்டினால், மை வரைந்த இடத்தில் மட்டும் பிடிக்கும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் விழும். ஆனால் ஒரு கல்லுக்கு ஒரு நிறந்தான். மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல், முகத்தின் நிறத்துக்கு வேறு கற்கள் என்று ஒரு படத்துக்கே பல கற்கள் வேண்டும். ஒரே தாள் அத்தனை கற்களின் மீதும் ஒவ்வொன்றாக அழுந்தி வர வேண்டும். கோலத்திலே ஒரு புள்ளி தப்பினால் முழுக்கோலமும் கோணுவதுபோல், தாள் நூலிழை நகர்ந்தாலும் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழுந்துவிடும். கடைசியாக மெருகெண்ணெய் பூசுவார்கள். அப்போது அச்சுப்படம் எண்ணெய் ஓவியம்போல் பளபளக்கும்.

ஆக, நம் வீட்டுச் சாமி படத்தின் பின்னாலும் கல்லைச் சுமந்தவர், மையை உருட்டியவர், தாளைப் பிடித்தவர் என்று பெயர் தெரியாத தொழிலாளர் பலர் இருக்கிறார்கள்.

தொழில் சிறந்தாலும் இலாபம் வரவில்லை. பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. 1899இல் அச்சகத்தை லோனாவாலாவுக்கு அருகே மளவ்லி என்ற இடத்துக்கு மாற்றினார்கள். கடன் ஏறிக்கொண்டே போனது. சில ஆண்டுகளில் ரவிவர்மா தம் அச்சகத்தை அங்கே வேலை பார்த்த ஷ்லைகர் என்ற ஜெர்மானியருக்கே விற்றுவிட்டார். நாடெங்கும் செல்வத்துக்கு அதிதேவதையாக லட்சுமி படத்தைப் பரப்பியவர் அதே படத்தால் கடன்பட்டார். 1905இல் தம்பி இறந்தார். 1906 அக்டோபர் 2ஆம் நாள் கிளிமானூரிலே ரவிவர்மாவும் கண்மூடினார். பாரிசின் பூகெரோ அதற்கு முந்திய ஆண்டிலே மறைந்திருந்தார்.

படங்கள் மட்டும் நிற்கவில்லை. அவை சந்தைக்கும் திருவிழாக் கடைக்கும் பெட்டிக்கடைக்கும் போயின. அவற்றைப் பார்த்துப் பிற அச்சகங்கள் படம் போட்டன. அந்த வரிசையில் வந்த படங்கள் நம்மவரின் தகரப் பெட்டிகளிலும் ஏறின. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கிய நம் முன்னோர், மாற்றுத்துணியோடும் மஞ்சள் கயிற்றோடும் கொண்டுவந்த சொத்து இத்தகைய படங்கள்தாம். பிற்காலத்தில் கோவில்பட்டி கொண்டையராஜூ போன்ற ஓவியர்கள் வரைய, சிவகாசியில் அச்சான நாள்காட்டிகள் வந்தன. பிரிக்பீல்ட்ஸ் கடையிலும் கிள்ளான் கடையிலும் தீபாவளிச் சாமான் வாங்கியவர்கள் அந்தப் படங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

நேயர்களே, இவ்விடத்திலே நாம் ஒன்றை மனம் திறந்து பேச வேண்டும். நம் முன்னோரில் பலர், ஊரிலே இருந்தபோது பெரிய கோயில்களின் வாசலைத் தாண்ட அனுமதிக்கப்படாதவர்கள். ரவிவர்மா பிறந்த திருவிதாங்கூரிலேயே கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12ஆம் நாள்தான் வந்தது. அவர் இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து! மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கதவு திறந்தது 1939 ஜூலையில். அதுவரையில் சாமியின் முகத்தை நேரிலே காணாத குடும்பங்கள் எத்தனை எத்தனை! அச்சுப்படத்துக்கு அந்தத் தடை தெரியவில்லை. காசு கொடுத்தவர் கைக்கு அது போயிற்று. வாங்கியவர் என்ன சாதி என்று அது கேட்கவில்லை. கருவறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் வீட்டுக்குள்ளேயே சாமி வந்து நின்றது. ரவிவர்மா இதைச் சீர்திருத்தமாக எண்ணிச் செய்தார் என்று நாம் சொல்லவில்லை. அவர் அரச குலத்தோடு உறவுடையவர். அச்சகம் வைத்தது வியாபாரத்துக்கும்தான். ஆனால் செய்தவர் எண்ணியதைவிடச் செயல் பெரிதாக வளர்வது உண்டு.

அவர்மீது குறை சொன்னவர்களையும் நாம் மறக்கலாகாது. இலங்கைத் தமிழரான சர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, ரவிவர்மாவின் தெய்வங்கள் நாடக மேடைப் பாத்திரங்களைப்போல் இருக்கின்றன என்று கருதினார். வங்காளத்தில் அபனீந்திரநாத் தாகூரும் அவரைச் சார்ந்தவர்களும் மேனாட்டு முறையை விட்டு இந்தியாவின் பழைய ஓவிய மரபைத் தேடிப் போனார்கள். அவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு. ஊருக்கு ஊர், குலத்துக்குக் குலம் வேறு வேறாக இருந்த தெய்வ வடிவங்களின் இடத்தில் ஒரே முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த முகம் வெயில் படாத முகம். செல்வர் வீட்டுப் பெண்ணின் முகம். வெயிலில் கறுத்த நம் தாய்மாரின் சாயல் அதிலே இல்லை. லட்சுமி என்றால் சிவந்த மேனி என்று நம் பிள்ளைகள் நினைக்கப் பழகியது அந்தப் படங்களிலிருந்துந்தான். படத்தை வணங்கும்போதே இதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

பூகெரோவுக்கும் இதே விதிதான். புதிய ஓவியர்கள் 1874இல் பாரிசில் தனிக் கண்காட்சி நடத்தி, தூரிகைத் தடம் தெரிய வெயிலையும் நிழலையும் தீட்டினார்கள். காலம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. பூகெரோவின் பெயரைச் சொல்லவே கலைஞர்கள் நாணிய காலம் வந்தது. பிறகு 1984இல் பாரிசில் அவருக்கென்று பெரிய கண்காட்சி வைத்து, மறுபடியும் எடைபோட்டுப் பார்த்தார்கள். ரவிவர்மாவின் ஓவியங்களையும் இந்திய அரசு 1979இல் நாட்டின் கலைச்செல்வம் என அறிவித்து, வெளிநாடு போகாமல் காத்தது. ஆனால் மளவ்லி அச்சகம் 1972இலேயே தீக்கிரையாகிவிட்டது. ஓவியங்கள் அரண்மனைகளிலே பத்திரமாக இருக்கின்றன. ஏழைகள் வாங்கிய பழைய அச்சுப்படங்களுக்குத்தான் காவல் இல்லை.

அந்தக் காவலைப் பற்றித்தான் நம் கடைசி வார்த்தை. கிள்ளான் பள்ளத்தாக்கிலே தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறின. லயங்களை விட்டு நம்மவர் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோனார்கள். அப்படிப் போகும்போது கட்டிலும் அலமாரியும் லாரியில் ஏறின. கரையான் அரித்த சட்டமும் மங்கிய கண்ணாடியுமாக இருந்த பாட்டி காலத்துச் சாமி படம் மரத்தடியிலே விடப்பட்டது. உடைந்த படம் வீட்டில் இருக்கலாகாது என்ற எண்ணம் ஒரு காரணம். புது வீட்டுக்குப் புதுப்படம் என்ற ஆசை மற்றொரு காரணம். மழையில் நனைந்து இரண்டு நாளில் அது கரைந்துபோகும்.

நேயர்களே, நம் வீட்டில் அப்படி ஒரு படம் இன்னும் இருந்தால், அதை எறிவதற்கு முன்னால் சட்டத்திலிருந்து மெதுவாக வெளியே எடுங்கள். படத்தின் அடி ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிறிய எழுத்திலே அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கலாம். பின்புறத்தில் தாத்தா பென்சிலால் எழுதிவைத்த பிள்ளைகளின் பிறந்த தேதிகள் இருக்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இது யார் வாங்கியது, எந்தத் தோட்டத்தில் மாட்டியிருந்தது, அதன்முன் யார் விளக்கேற்றினார் என்று கேளுங்கள். சொல்வதை ஒரு தாளில் எழுதிப் படத்தின் பின்னாலேயே ஒட்டிவையுங்கள். பூசைக்கு வேறு படம் மாட்டிக்கொள்ளலாம். பழைய படம் அலமாரியிலே ஈரம் படாமல் இருக்கட்டும்.

அரண்மனைச் சித்திரத்துக்குக் காவலாளி உண்டு. லயத்துச் சித்திரத்துக்கு நாம்தாம் காவல்.